400 இன் 1 கேம் பெட்டி: கையில் வைத்து விளையாட அல்ல, டிவியில் மாட்ட

மதுரை மீனாட்சி பஜாரில் சார்ஜரும் இயர்போனும் தொங்கும் கடைகளில் இப்போது இந்தப் பெட்டியையும் கண்ணாடிக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளங்கை அளவு, மூன்று இஞ்ச் திரை, நெற்றியில் எஸ்யூபி என்று எழுத்து. அட்டையில் ‘400 இன் 1’. எனக்கு 550 சொன்னார்கள், 400-க்கு முடிந்தது. இதிலேயே இரண்டு வகை உண்டு. டிவி வயரும் இரண்டாவது ஆளுக்கான ரிமோட்டும் சேர்ந்து வருவது ஒன்று, வெறும் பெட்டி மட்டும் வருவது இன்னொன்று. வெறும் பெட்டி கொஞ்சம் மலிவு. அதைத் தொடவே தொடாதீர்கள்.

நான் சிம்மக்கல் பக்கம் செல்போன் சர்வீஸ் பார்க்கிறவன். எதை வாங்கினாலும் விளையாடுவதற்கு முன்னால் ஸ்க்ரூவைக் கழற்றுவது தொழில் புத்தி. உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு போர்டு, போர்டில் ஒரு கருப்புப் பொட்டு. அந்தப் பொட்டுக்கு அடியில்தான் சிப் இருக்கிறது. 1983-ல் நிண்டெண்டோ கம்பெனி ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற டிவி கேம் மிஷினின் மொத்த வேலையையும் அந்த ஒரே சிப்பில் அடக்கிவிட்டார்கள். தொண்ணூறுகளில் நம் ஊரில் கேசட் சொருகி விளையாடிய டிவி கேம் பெரும்பாலும் இதே மிஷினின் நகல்தான். ஒரிஜினல் எங்கள் தெரு வரைக்கும் வரவே இல்லை.

அந்த மிஷினின் வேகம் 1.79 மெகாஹெர்ட்ஸ், வேலை செய்ய அதற்கு இருந்த நினைவகம் 2 கிலோபைட். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் முடிந்துவிடும். காலையில் பெரியப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் குட்மார்னிங் படம் இதைவிடப் பெரிசு. இடம் போதாததால் மாரியோவில் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படத்தைப் போட்டிருக்கிறார்கள். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர். இதைத் தெரிந்துகொண்டு விளையாடிப் பாருங்கள், கண் அங்கேயேதான் போகும்.

பேட்டரி பிஎல்-5சி. நோக்கியா 1100 வைத்திருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த மூலையிலும் கிடைக்கும், பத்து விநாடியில் மாற்றலாம். இந்தப் பெட்டியில் எனக்கு மனசாரப் பிடித்த முதல் விஷயம் இதுதான். இன்றைக்கு லட்ச ரூபாய் போனில்கூட பேட்டரி மாற்ற ஹீட்டரும் ஒட்டுப்பசையும் வேண்டியிருக்கிறது. ஆனால் கூட வரும் பேட்டரி மட்டமானது. கொஞ்ச நாளில் உப்பிவிடும். உப்பினது தெரிந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

400 விளையாட்டா என்றால், பாதி உண்மை. பழைய கேசட்டில் 99999 இன் 1 என்று போட்டு ஐந்தாறு விளையாட்டையே திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், அதைவிட இது எவ்வளவோ யோக்கியம். முதல் பக்கங்களில் மாரியோ, கான்ட்ரா, டேங்க், ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி என்று நாம் எதிர்பார்ப்பது எல்லாம் இருக்கிறது. பின்னால் போகப் போக, ஏற்கனவே பார்த்த விளையாட்டில் தலையை மட்டும் மாற்றி வேறு பெயரில் வைத்திருக்கிறார்கள். அட்டையில் ஸ்பைடர்மேன் பாய்கிறார், உள்ளே ஆளைக் காணோம். ஸ்பைடர்மேனுக்காக அழுது வாங்கிய பிள்ளை வீட்டில் மறுபடியும் அழும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த நிண்டெண்டோ மிஷினின் காப்புரிமை (பேடன்ட்) காலம் எப்போதோ முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் செய்யலாம். விளையாட்டுகளின் பதிப்புரிமை முடியவில்லை. ஆக இது திருட்டுச் சரக்குதான். அது உறுத்தினால் நிண்டெண்டோவே தன் பழைய விளையாட்டுகளை ஸ்விட்ச் என்ற தன் மிஷினுக்கான சந்தாவில் தருகிறது, செலவு எங்கேயோ போகும்.

கையில் வைத்து விளையாடுவதற்கு இது சுமார் ரகம். திசைப் பட்டன் கல்லாக இருக்கிறது, வெயிலில் திரை தெரியாது. ரீசெட் பட்டனைக் கொண்டுபோய் முன்பக்கத்தில், கட்டைவிரல் தடுமாறும் இடத்தில் வைத்த புண்ணியவான் யாரோ. மாரியோவில் நாலாவது உலகத்தின் கோட்டை வாசல் வரை போய், விரல் பட்டு, திரும்ப மெனுவுக்கு வந்து நிற்பீர்கள். வீட்டு எல்இடி டிவியில் மாட்டினாலும் திருப்தி இல்லை. டிவி வயரின் மஞ்சள் பின்னுக்கு ஓட்டையே இல்லாத டிவிகள் வந்துவிட்டன. ஓட்டை இருந்தாலும் படத்தை அகலத்துக்கு இழுத்து மாரியோவைக் குண்டாக்கிவிடும். பட்டனை அழுத்தி ஒரு நொடித் துணுக்கு கழித்துத்தான் அவர் குதிக்கிறார், அதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பார்.

இது உயிர் பெற்றது மேலூர்ப் பக்கம் அப்பத்தா வீட்டில். 2006-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு கொடுத்த 14 இஞ்ச் கலர் டிவி அங்கே இன்னும் ஓடுகிறது. இந்த விளையாட்டுகள் எல்லாம் அந்த மாதிரிக் குழாய் டிவிக்காகவே வரையப்பட்டவை. படத்தின் அகலம் சரியாக உட்காருகிறது, புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கண்ணுக்கு இதமாக இருக்கின்றன, அழுத்தினால் அந்தக் கணமே குதிக்கிறது. பழைய செட்டோடு வந்த வாத்துச் சுடும் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? விசையை இழுத்ததும் திரை கருப்பாகி, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒரு கணம் வரும். துப்பாக்கி முனையில் இருக்கும் ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் வாத்து விழும். அந்த வித்தையும் குழாய் டிவியில் மட்டும்தான் பலிக்கும், எல்இடி தாமதத்தில் பலிக்காது. இந்தப் பெட்டியில் துப்பாக்கி மாட்ட வழி இல்லை, அது ஒரு குறை.

சித்தப்பா மகன் இரண்டாவது ரிமோட்டைப் பிடித்தான், நாங்கள் டேங்க் போட்டோம். நாம்கோ கம்பெனி 1985-ல் செய்த பேட்டில் சிட்டிதான் இது. கீழே நடுவில் செங்கல் சுவருக்குள் கழுகு, அதைக் காக்க வேண்டும். இதன் அழகே கூட்டாளியைச் சுட்டால் அவன் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றுவிடுவான் என்பதில்தான் இருக்கிறது. தெரியாமல் சுட்டேன் என்று யாரும் நம்புவதில்லை. சத்தம் அடுப்படி வரைக்கும் போக, அப்பத்தா எட்டிப் பார்த்து, “சண்டை போடுறதுக்குன்னே காசு குடுத்து வாங்கிட்டு வந்தியாக்கும்” என்றது.

அப்புறம் அக்கா மகன் வந்தான். பதினொரு வயது, போனில் ஆடும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்தான் உலகம்.

“மாமா, இதுல சேவ் எங்க இருக்கு?”

“இல்லடா.”

“கரண்டு போச்சுன்னா?”

“முதல்ல இருந்துதான்.”

என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. தனியாக மாரியோ ஆடிப் பார்த்துவிட்டு பத்து நிமிஷத்தில் போனுக்குத் திரும்பிவிட்டான். கான்ட்ராவில் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம் என்று தெரிந்ததும் மறுபடி வந்து உட்கார்ந்தான். மேல் மேல், கீழ் கீழ், இடது வலது, இடது வலது, பி, ஏ, செலக்ட், ஸ்டார்ட் என்று அழுத்திக் காட்டினேன். மூன்று உயிருக்குப் பதில் முப்பது. அந்த வரிசையை உண்டாக்கியவர் கான்ட்ராவைச் செய்த கோனாமி கம்பெனியில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ. கிராடியஸ் என்ற விளையாட்டைச் சோதித்தபோது தனக்கே கடினமாக இருந்ததால் உள்ளே ஒளித்து வைத்தது. 2020-ல் காலமானார். பையனுக்கு இந்தக் கதை எல்லாம் வேண்டாம். முப்பது உயிர் போதும், சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழவில்லை.

ஆகவே சின்னப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்று வாங்கினால் இது அலமாரிக்குத்தான் போகும். இரண்டு பேர் இருக்கிற வீடு, ஒரு குழாய் டிவி, ஒரு விடுமுறை மதியம் கையில் இருந்தால் 400 ரூபாய்க்கு இதைவிட நல்ல சரக்கு பஜாரில் இல்லை.

வாரண்டி கேட்காதீர்கள், சிரிப்பார்கள். கடையிலேயே ஆன் செய்து எல்லாப் பட்டனையும் அழுத்திப் பாருங்கள், இரண்டாவது ரிமோட்டையும் சொருகச் சொல்லிப் பாருங்கள். சத்தம் கரகரவென்றால் வேறு பீஸ் கேளுங்கள். போனோடு வந்த ஃபாஸ்ட் சார்ஜரில் மட்டும் மாட்ட வேண்டாம். பழைய ஐந்து வோல்ட், ஒரு ஆம்பியர் சார்ஜர் வீட்டில் எங்காவது கிடக்கும், அதில் போடுங்கள்.