ஸ்கெல்லிக் மைக்கேல் படகுப் பயணம்: பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஏமாற்றத்தை முதலில் சொல்லிவிடலாம். அயர்லாந்தின் கெர்ரி கரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தள்ளி அட்லாண்டிக்கில் நிற்கும் இந்தப் பாறைத்தீவின் உச்சி 218 மீட்டர். அந்தத் தென்சிகரத்தில் உச்சியை ஒட்டி ஒற்றைத் துறவி தங்கிய குடிலின் எச்சங்கள் இருக்கின்றன. பயணிகளுக்கு அங்கே அனுமதி இல்லை. டிக்கெட் வாங்கியவர் ஏறுவது எதிர்ச் சிகரத்தில் இருக்கும் பழைய கிறிஸ்தவத் துறவிகள் மடத்துக்கு, அதாவது சுமார் 180 மீட்டர் உயரத்துக்கு. இது தெரியாமல் போகிறவர்கள்தான் திரும்பி வந்து குறை எழுதுகிறார்கள்.

பதிவு செய்யும்போது ஒரு வார்த்தையைக் கவனியுங்கள். 'இறங்கும் பயணம்' என்றால் தீவில் கால் வைக்கலாம். மற்றது தீவைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும், விலையும் குறைவு. இறங்க விடுவது ஏறத்தாழ மே நடுவிலிருந்து செப்டம்பர் கடைசிவரை மட்டும். ஒரு நாளைக்கு 180 பேர்தான். படகுக்கு 12 பேர். கட்டணம் 100 யூரோவைத் தாண்டும், சில மாதங்கள் முன்பே இடம் தீர்ந்துவிடும். கரையிலுள்ள போர்ட்மகீ ஊரிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கடல். தீவில் இரண்டரை மணி நேரம். (ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் அயர்லாந்து இல்லை. ஐரோப்பா சுற்றும்போது அப்படியே எட்டிப் பார்த்துவிடலாம் என்ற கணக்கு விசாவில் இடிக்கும்.)

இந்தச் சேவையில் அதிகம் கெடுவது ஒன்றே ஒன்றுதான்: படகு கிளம்பாது. வெயில் பளிச்சென்று அடிக்கும் நாளிலும் ரத்தாகும். காரணம் காற்று மட்டும் அல்ல. எங்கோ தூரத்தில் அடித்த புயலின் அலையேற்றம் வந்து இறங்குதுறையில் படகை மேலும் கீழுமாகத் தூக்கிப் போடும். படகு மேலே எழும் நொடியில் படிக்குத் தாவ வேண்டிய இடம் அது. முடிவு பெரும்பாலும் அன்று காலைதான் தெரியும். ஆகவே அந்தப் பக்கம் மூன்று நாளாவது தங்குகிற மாதிரி திட்டமிடுங்கள். ரத்தானால் பணம் திரும்புமா, படகு போயும் இறங்க முடியாவிட்டால் என்ன என்பதைப் பதிவின்போதே கேட்டுவிடுங்கள். குமட்டல் மாத்திரையைப் படகில் ஏறிய பிறகு போட்டுப் பயனில்லை.

தீவில் கழிப்பறை கிடையாது, கடை கிடையாது. 618 கற்படிகள், பெரும்பகுதிக்குக் கைப்பிடி இல்லை. ஒவ்வொரு படியும் ஒவ்வொரு உயரம், மழை பட்டால் வழுக்கும். 2009இல் இரண்டு பயணிகள் தனித்தனி விபத்துகளில் விழுந்து இறந்தார்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் ஆபத்து: கண் கடலைப் பார்க்கும், கால் படியைத் தவறவிடும். கணுக்காலைப் பிடிக்கும் பூட்ஸும் முதுகுப் பையும் வேண்டும்; இரண்டு கையும் காலியாக இருக்கட்டும். படம் எடுக்க ஆசை வந்தால் நின்றுவிட்டு எடுங்கள். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்தப் பயணம் வேண்டாம்.

இரு சிகரங்களுக்கும் நடுவே 'கிறிஸ்துவின் சேணம்' என்ற பள்ளம் வரும். எல்லோரும் மூச்சு வாங்கிவிட்டு மடத்தை நோக்கிப் போய்விடுவார்கள். இங்கே பத்து நிமிடம் ஒதுக்கித் தென்சிகரத்தை அண்ணாந்து பாருங்கள்; தொலைநோக்கி அவசியம், ஏனென்றால் கட்டிய கல்லும் பாறையும் ஒரே நிறம். மேலே 'ஊசிக்காது' என்ற செங்குத்து இடுக்கு வழியாக உடம்பை நெருக்கித்தான் ஏற வேண்டியிருந்தது. அதற்கும் மேலே மூன்று தளங்கள்: ஒன்று தோட்டத்துக்கு, ஒன்று சிற்றாலயத்துக்கு, ஒன்று வெளிவிளிம்பில். குடிநீருக்குப் பாறையிலேயே தொட்டி குடைந்து, வழியும் மழைநீரைப் பிடித்திருக்கிறார்கள். இதையெல்லாம் கட்டியது ஒன்பதாம் நூற்றாண்டு என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. கீழே 824 வாக்கில் வைக்கிங்குகள் என்ற வட ஐரோப்பியக் கடற்கொள்ளையர் மடத்தைச் சூறையாடி, எட்கல் என்ற துறவியைப் பிடித்துப் போய்ப் பசியில் சாகவிட்டார்கள்.

மடத்தில் ஆறு கற்குடில்கள், இரண்டு சிற்றாலயங்கள். குடில் வெளியே தேன்கூடு போல வட்டம், உள்ளே செவ்வகம். சாந்து இல்லை. ஒவ்வொரு வரிசையும் சற்றே உள்ளே தள்ளி, கல்லின் வெளிமுனை கொஞ்சம் தாழ்ந்திருப்பதால் மழைநீர் வெளியே வழிகிறது. பக்கத்திலேயே சாந்து வைத்துப் பின்னாளில் கட்டிய புனித மைக்கேல் ஆலயம் இடிந்து கிடக்கிறது! வழிகாட்டிகள் விவரமானவர்கள், தென்சிகரத்தைப் பற்றிக் கேட்டால் உற்சாகமாகச் சொல்வார்கள், கேட்டால்தான்.

பஃபின் பறவைகள் ஆகஸ்ட் தொடக்கத்தில் போய்விடும். அவற்றுக்காகவே போகிறவர்கள் ஜூனில் நாள் பிடியுங்கள்.

மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. குறைத்த ஒன்று மூடிய சிகரத்துக்காக அல்ல, அதை மூடியது சரிதான். குடிலுக்குப் போக முடியாது என்பதைப் படகு விளம்பரங்கள் முதல் வரியிலேயே சொல்லலாம், அதற்காக.