பழைய சாட்டிலைட் போன் கார் கிட் வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

இன்று மதியம் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய சூட்டில் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனது 1,850 ஆஸ்திரேலிய டாலர்.

பள்ளி விடுமுறைக்குப் பெர்த்திலிருந்து அடிலெய்டுக்குக் காரிலேயே போவதாகத் திட்டம். நடுவில் நல்லர்பார் சமவெளி. நார்ஸ்மனிலிருந்து செடூனா வரை சுமார் 1,200 கிலோமீட்டர். பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கும் ரோட்ஹவுஸைத் தாண்டிவிட்டால் மொபைலில் ஒரு கோடு தெரிவதே அதிர்ஷ்டம். இரண்டு பிள்ளைகள், இன்சுலின் போடும் மாமியார். சாட்டிலைட் போன் இல்லாமல் கிளம்பக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

காருக்குள் உட்கார்ந்து அந்தப் போனில் பேச முடியாது, தகரக் கூரை மறைத்துவிடும். அதனால் கூரையில் ஆன்டெனா, உள்ளே போனைச் செருகும் தொட்டில், இரண்டுக்கும் நடுவே கேபிள் என்று கிட்டாக விற்பார்கள். ஃபோர் வீல் டிரைவ் சாமான் விற்கும் கடை ஒன்றில், துராயா என்ற சாட்டிலைட் போன் நிறுவனத்தின் பழைய கிட் போனோடு சேர்த்து இருந்தது. கவுன்டரில் இருந்த தம்பி தமிழ். அங்கேதான் நான் விழுந்தேன்.

"அண்ணா, நமக்குள்ள என்ன, 2,200 சொல்றது, 1,850 குடுங்க" என்றான். கவிழ்த்துப்போட்ட இட்லி மாதிரி கறுப்பாக ஓர் ஆன்டெனா. காந்த அடி, கூரையில் டப்பென்று ஒட்டிக்கொண்டது. கேபிளைக் கதவு ரப்பருக்குள் நசுங்காமல் விரலால் அழுத்தி அழுத்தி அவனே ஓட்டினான். அந்த வேலைச் சுத்தத்தைப் பார்த்தே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. "ஒரு கால் போட்டுப் பார்க்கலாமா தம்பி?" என்று கேட்டேன். போனை ஆன் செய்து இரண்டு நிமிடம் காத்திருந்து, திரையில் வந்த எண்களைக் காட்டினான். அட்சரேகை, தீர்க்கரேகை, கடை இருக்கும் இடம் கச்சிதமாக. "பாருங்கண்ணா, சாட்டிலைட் புடிச்சிருச்சு. சிட்டிக்குள்ள கட்டடம் மறைக்குது, வெளிய போனா கோடு வந்துரும்." கார்டைத் தேய்த்தேன்.

இருபது வருடம் கம்ப்யூட்டரோடு மாரடிக்கிறவன் நான். அது ஜிபிஎஸ்! போனுக்குள்ளேயே தனியாக இருக்கும் ஜிபிஎஸ், வேறு செயற்கைக்கோள்களைப் பார்த்து இடத்தைச் சொல்லும். பேசுவதற்கான செயற்கைக்கோளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

பலடோனியா தாண்டி, கைகுனாவுக்கு முன்னால், 146 கிலோமீட்டர் வளைவே இல்லாத அந்த நேர்ச் சாலையில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்று இல்லை (அது என் தப்பு). போனைத் தொட்டிலில் செருகினேன். "நெட்வொர்க் தேடுகிறது." வண்டியைச் சுற்றி வந்து ஆன்டெனாவை இடம் மாற்றி ஒட்டினேன். தேடுகிறது. நாற்பது நிமிடம் தேடியது. ரோட் டிரெயின் (பல டிரெய்லர்களை இழுக்கும் நீள லாரி) ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் நிறுத்தி, காற்றடித்துக் கொடுத்துவிட்டு, போனைப் பார்த்துச் சிரித்தார். "அந்தச் சாட்டிலைட் செத்து நாளாச்சே, தெரியாதா?"

உண்மைதான். துராயா-3 என்ற செயற்கைக்கோள்தான் ஆஸ்திரேலியாவுக்கு. 2008இல் ஏவியது. 2024 ஏப்ரல் 15 அன்று பழுதாகி, சரிசெய்ய முடியாது என்று நிறுவனமே அறிவித்துவிட்டது. இந்தப் போன் வேறு நிறுவனத்தின் செயற்கைக்கோளோடும் பேசாது. அரபியில் துராயா என்றால் நம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். அன்று இரவு அது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

ரோட்ஹவுஸிலிருந்து கடைக்குப் போன் செய்தேன். "மேகமா இருந்திருக்கும்ணா." மேகமெல்லாம் இந்த அலைவரிசையைப் பெரிதாகத் தொடாது. மறுநாள், "சிம் பிரச்சினையா இருக்கும்." அதற்கடுத்து, ஓனர் லீவு. அப்புறம் வாட்ஸப்பில் நீல டிக் மட்டும். இன்று நேரில் போனால் ஓனர், "போன் ஆன் ஆகுதில்லையா? சாட்டிலைட் எங்க சரக்கு இல்ல" என்கிறார். தம்பி பக்கத்தில் வந்து ரகசியம் சொல்கிறான்: "ஊருக்குக் கொண்டு போங்கண்ணா, அங்க இன்னொரு சாட்டிலைட் இருக்கு, வேலை செய்யும்." இந்தியாவுக்கு அனுமதி இல்லாமல் இதைக் கொண்டு போனால் ஏர்போர்ட்டிலேயே பிடித்து வழக்குப் போடுவார்கள். 1,850 டாலர் வாங்கிக்கொண்டு ஜெயிலுக்கு வழி சொல்கிறான்!

சுவரில் "பழைய பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்று போர்டு. இந்த நாட்டுச் சட்டப்படி அந்த போர்டே செல்லாது. புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: எந்தச் செயற்கைக்கோள், அது உயிரோடு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். காசு கொடுக்கும் முன் கடை வாசலில் நின்று உங்கள் மொபைலுக்கே ஒரு கால் போடச் சொல்லுங்கள். திரையில் எண் வந்தால் நம்பாதீர்கள். ஆன்டெனா ஒரு நெட்வொர்க்குக்கு, போன் இன்னொன்றுக்கு என்று கலந்தும் விற்கிறார்கள். எது இருந்தாலும் 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கன் (ஆபத்தில் இயக்கினால் மீட்புப் படைக்குச் சிக்னல் அனுப்பும் கருவி) ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டெப்னியில் காற்று பாருங்கள்.

இப்போதுதான் மனைவி போனை நீட்டினாள். அதே கடை, இன்னொரு துராயா கிட், புது விளம்பரம். "நன்றாக வேலை செய்கிறது. 1,950 டாலர்."