‘செட்அப் செய்தாச்சு’ என்று பில் போட்டுக் கொடுத்த கிட்டார்: மலையகத்தில் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கொழும்பில் ஒரு கடையில் புதிதாக வாங்கிய எலெக்ட்ரிக் கிட்டார், ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வடிவம். கிட்டாருக்கு ஒரு தொகை, ‘ஃபுல் செட்அப்’ (வாசிக்க ஏற்றபடி கிட்டாரைச் சரிப்படுத்தும் வேலை) என்று தனியாக இன்னொரு தொகை, இரண்டும் ஒரே பில்லில். ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் தங்கள் இசைக்குழுவுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசு அது. ஒன்றும் செய்யாமல் காசை மட்டும் வாங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று சொல்லும் நிலையில் அந்தக் கிட்டார் வந்து சேர்ந்தது. கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்த வேலை என்ன, அதைக் கடையிலேயே எப்படிக் கண்டுபிடிக்கலாம் என்பதைத்தான் எழுதுகிறோம்.

அளந்தபோது கிடைத்தவை இவை. நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்து) பின்பக்கமாக வளைந்திருந்தது. ஹெட்ஸ்டாக் (தந்தி முறுக்கும் தலை) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தாலே தெரிந்தது. பதினேழாம் ஃப்ரெட்டில் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தந்தியின் உயரம் 1.6 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், இதில் 2.8. முதல் ஐந்து ஃப்ரெட்டுகள் அரத்தால் தேய்க்கப்பட்டு, தலை தட்டையாகி, ஆறாவதைவிடத் தணிந்து கிடந்தன. நட்டில் (தலைப்பக்கம் தந்திகள் பதிந்து நிற்கும் சிறு கட்டை) முதல் இரண்டு தந்திகளின் வெட்டு மிகவும் ஆழம். வெறுந்தந்தியைத் தட்டினால் முதல் ஃப்ரெட்டில் பட்டு அதிர்ந்தது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் உள் கம்பியான ட்ரஸ் ராட் தலைக்குள் அலன் கீ (அறுகோணச் சாவி) போகும் அறுகோணம் உருண்டு வட்டமாகிவிட்டது.

இவை ஐந்து தனித்தனிப் பிழைகள் போலத் தோன்றும். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் தொடங்கியிருக்கின்றன. பெட்டியோடு வந்த தாளின்படி அந்தக் கிட்டாருக்குத் தொழிற்சாலையில் போட்ட தந்தி 10-46 (முதல் தந்தி 0.010 அங்குலத் தடிப்பு, ஆறாவது 0.046). கடையில் அதைக் கழற்றி 9-42 மாட்டியிருக்கிறார்கள். விரலுக்கு மென்மையாக இருக்கும், வாங்குகிறவருக்கு உடனே பிடித்துவிடும். 25.5 அங்குலத் தந்தி நீளத்தில் 10-46 ஆறு தந்தியும் சேர்ந்து இழுப்பது ஏறத்தாழ 46 கிலோ. 9-42 இழுப்பது ஏறத்தாழ 38. இந்த எட்டுக் கிலோ குறைந்ததும் இரண்டு காரியம் நடக்கும். நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் பழைய இறுக்கத்திலேயே இருப்பதால் நெக்கைப் பின்னால் வளைக்கும். பின்பக்கத்து ஸ்ப்ரிங்குகளுக்கும் எதிர் இழுவை குறைவதால் ட்ரெமலோ பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனையைப் பிடித்து ஸ்ப்ரிங்கில் அசையும் பாகம்) பின்னால் படுத்து, அதன்மேல் தந்திகளைத் தாங்கும் சாடில்கள் தணியும். இரண்டும் சேர்ந்தால் முதல் ஃப்ரெட்டுகளில் தந்தி உரசி இரையும்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: ஸ்ப்ரிங் கிளாவின் (ஸ்ப்ரிங்குகளை உடலோடு பிடிக்கும் தகடு) இரண்டு திருகாணியையும் சமமாகத் தளர்த்துவது, ட்ரஸ் ராடைக் கால் சுற்றுத் தளர்த்துவது. பத்து நிமிட வேலை. ஆனால் அந்தக் கிட்டாரின் ட்ரஸ் ராடுக்கு 3/16 அங்குல அலன் கீ, அதாவது 4.76 மில்லிமீட்டர். ஹார்ட்வெயார் கடையில் வாங்கும் மில்லிமீட்டர் செட்டில் 5 உள்ளே போகாது, 4.5 போகும், ஆனால் ஆடும். ஆடுகிற கீயைப் போட்டு முறுக்கியதில் அறுகோணம் போயிற்று. ராட் அசையாததால் அரத்தை எடுத்து ஃப்ரெட்டைத் தேய்த்திருக்கிறார்கள். அப்போது ஐந்தாம் ஃப்ரெட்டில் அழுத்தினால் ஆறாவதில் இரையும். அதை மறைக்கச் சாடில்களை ஏற்றியிருக்கிறார்கள். தந்தி உயர்ந்து அழுத்தக் கஷ்டமானதும், முன்பக்கத்தில் இறக்குவதற்காக நட்டை வெட்டியிருக்கிறார்கள். ஒரு சாவி சரியாக இல்லாததால் ஒரு புதுக் கிட்டாரின் மூன்று பாகம் நாசம்.

கடையில் கேட்டபோது கிடைத்த பதில்: “குளிர் பிரதேசத்துக்குக் கொண்டு போனா நெக் வளையும், அதுக்கு நாங்க பொறுப்பில்ல.” இந்தப் பதில் மலையகத்துக்காரர்களுக்கு அடிக்கடி கிடைக்கிறது. அதில் பாதி உண்மை இருப்பதால் பிள்ளைகள் வாயடைத்துத் திரும்பிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் லயத்துக் கதவு ஊதி நிலையில் இறுகுவதைப் பார்த்தவர்களுக்கு மரம் அசையும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஏ.சி. போட்ட கடையிலிருந்து மே, ஜூன் மாதத்துப் பனிமூட்டத்துக்கு வரும் நெக்கும் அசையத்தான் செய்யும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது நெக்குக்கு நெக் மாறும். ஆனால் ஈரக்காற்று ஃப்ரெட்டில் அரம் போட்ட கீறலை உண்டாக்காது. இரும்பு அறுகோணத்தை உருட்டாது. நட்டை வெட்டாது. காலநிலையால் வருவது ட்ரஸ் ராடின் கால் சுற்றில் சரியாகும். கையால் வந்த சேதம் ஆகாது. வாக்குவாதம் வந்தால் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இனி, காசு கொடுக்கும் முன் கவுண்டரிலேயே பார்க்க வேண்டியவை. கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். பழைய 10 செட்டின் முதல் தந்தியில் ஒரு துண்டு, ஒரு கேப்போ (தந்திகளை ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கும் கிளிப்), இரண்டு ஏ.டி.எம். கார்டு, ஃபோனில் ஒரு ட்யூனர் போதும்.

முதலில் ட்யூன் செய்யுங்கள். ட்யூன் இல்லாத கிட்டாரில் எந்த அளவும் பொய். பிறகு முதல் ஃப்ரெட்டில் கேப்போ போட்டு, கடைசி ஃப்ரெட்டில் ஆறாம் தந்தியை அழுத்திக்கொண்டு, ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கத்தில் தந்திக்குக் கீழே அந்தத் துண்டை நுழைத்துப் பாருங்கள். அதன் தடிப்பு 0.010 அங்குலம், அதாவது 0.25 மில்லிமீட்டர், ஃபெண்டர் நிறுவனம் தன் 9.5 முதல் 12 அங்குல ரேடியஸ் (விரற்பலகையின் குறுக்கு வளைவு) நெக்குகளுக்குச் சொல்லும் முன் வளைவும் அதுவே. மெல்ல உரசிக்கொண்டு போனால் சரி. போகவே இடமில்லை என்றால் ட்ரஸ் ராட் இறுக்கம் அதிகம். துண்டு விழுந்து ஆடினால் தளர்வு அதிகம். (ஃபீலர் கேஜ் வேண்டுமென்றால் த்ரீவீல் கராஜில் வால்வ் இடைவெளி பார்க்க வைத்திருப்பார்கள், அதில் 0.25 தகடை எடுத்தால் போதும்.)

ட்ரஸ் ராடை உங்கள் கண்முன்னே திருப்பச் சொல்லுங்கள். ராடின் தலையை நேராகப் பார்த்தபடி வலம் சுற்றினால் இறுகி நெக் நிமிரும், இடம் சுற்றினால் தளர்ந்து முன் வளைவு கூடும். ஒரு தடவைக்குக் கால் சுற்று, மறுபடி ட்யூன், மறுபடி அளவு. கீ உள்ளே போனதும் ஆடக் கூடாது. ஆடினால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். புதுக் கிட்டார்ப் பெட்டிக்குள் அதற்குரிய கீ பெரும்பாலும் வரும். அதைக் கேட்டு வாங்காமல் வராதீர்கள். அது இல்லாததுதான் இத்தனைக்கும் காரணம்.

நட் சோதனை எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை. ஒவ்வொரு தந்தியையும் இரண்டாம் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு நடுவில் அழுத்துங்கள். முதல் ஃப்ரெட்டுக்கு மேலே மயிரிழை இடைவெளி தெரிய வேண்டும். மேலிருந்து தட்டினால் ‘டிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்கும். சத்தமே இல்லாமல் படிந்து கிடந்தால் வெட்டு ஆழமாகிவிட்டது. சூப்பர் குளூவும் பேக்கிங் சோடாவும் போட்டு நிரப்புவார்கள். அவசரத்துக்கு அது தாங்கும். நிரந்தர வழி புது நட். பணம் கொடுத்து வாங்கிய புதுக் கிட்டாரில் இப்படி நிரப்பிய வெள்ளைத் திட்டு இருந்தால் எடுக்காதீர்கள்.

ஆக்‌ஷன் (ஃப்ரெட்டுக்கு மேல் தந்தியின் உயரம்) பார்க்க, முதல் ஃப்ரெட்டில் கேப்போ இருக்கட்டும். பதினேழாம் ஃப்ரெட்டின் மேல் இரண்டு கார்டையும் ஒட்ட வைத்து நுழையுங்கள். ஒரு கார்டு 0.76 மில்லிமீட்டர், இரண்டும் சேர்ந்தால் 1.5. தந்தியை உயர்த்தாமல் லேசாக உரசிப் போனால் போதும். பிரிட்ஜின் பின்விளிம்பு உடலிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் எழும்பி நிற்க வேண்டும். உடலில் படுத்துக் கிடந்தால் ஸ்ப்ரிங் வெல்கிறது என்று அர்த்தம். இதைச் சரி செய்யாமல் சாடிலைத் தொடுவது வீண் வேலை.

கடைசியாக இன்டொனேஷன் (நெக் நெடுகச் சுரம் சரியாக நிற்கிறதா என்பது). பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கையும் (தந்தியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் கூடினால் சாடில் பின்னால் போக வேண்டும், குறைந்தால் முன்னால். துருப்பிடித்த தந்தியில் இதைச் செய்யவே முடியாது. எங்கள் பக்க ஈரத்தில் வாசித்ததும் துடைக்காத தந்தி சீக்கிரமே கறுத்துவிடும், அதையும் மனதில் வையுங்கள். பிக்கப்பை (தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தப் பாகம்) தந்திக்கு ஒட்ட ஏற்றியிருந்தால் காந்தம் தந்தியை இழுத்து ட்யூனரையே குழப்பும். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபடி ஆறாம் தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர், முதல் தந்திப் பக்கம் 1.6 விடச் சொல்லுங்கள். ஆம்ப்பில் மாட்டித் தந்தியைத் தொடும்போது இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜின் எர்த் வயர் நன்றாக இருக்கிறது.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அன்றே எதையும் திருப்ப வேண்டாம். ஓரிரு வாரம் வாசிக்கிற அறையிலேயே இருக்கட்டும், அடுப்புப் புகைக்கும் ஈரச் சுவருக்கும் விலகி. பிறகு அந்தத் தந்தித் துண்டை மறுபடி நுழைத்துப் பாருங்கள்.

செட்அப்புக்குக் கொடுக்கும் முன் நட், ஃப்ரெட்டுகள், ட்ரஸ் ராட் வாய், பிக்கப், சீரியல் இலக்கம் எல்லாவற்றையும் ஃபோனில் படமெடுங்கள். பில்லில் ‘செட்அப்’ என்ற ஒற்றைச் சொல்லை ஏற்காதீர்கள்: தந்தி அளவு, வளைவு, பதினேழாம் ஃப்ரெட் உயரம் மூன்றையும் எண்ணாக எழுதச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் அரை நிமிடத்தில் எழுதிவிடுவார். “ஃப்ரெட்டையோ நட்டையோ அரம் போடுவதானால் முதலில் எனக்குச் சொல்ல வேண்டும்” என்பதையும் அதே பில்லில் எழுதி வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். தொலைபேசி இலக்கம் 1977. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பில்லின் பிரதி, முன்பின் படங்கள், வேறொரு கிட்டார் பழுது பார்ப்பவர் அளந்து எழுதிக் கொடுத்த அளவுகள், இவை மூன்றும் கூடவே போகட்டும். இந்தக் கிட்டாருக்கு உருண்டுபோன ட்ரஸ் ராட் தலையை மாற்ற வேண்டும், ஐந்து ஃப்ரெட்டும் புதிதாகப் போட வேண்டும், நட் ஒன்று வெட்ட வேண்டும். அந்தச் செலவுக் கணக்கும் அதே கடிதத்தோடு போகிறது.