அண்டர்சன் தெருவில் வாங்கிய கணக்கு நோட்டும் பதினோரு வருஷப் பயணங்களும்

மூன்று நாளாக மழை விடவில்லை. தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். பள்ளிக்கூடம் லீவு, கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. மத்தியானம் சுக்குக் காபி கொடுத்ததும் அத்தை, "அந்த ஊர் நோட்டை எடும்மா, பார்க்கலாம்" என்றார். பயணக் கணக்கு எழுதுகிற நோட்டுக்கு எங்கள் வீட்டில் 'ஊர் நோட்டு' என்றுதான் பேர்.

2014 தை மாதம் பாரிமுனை அண்டர்சன் தெருவில் வாங்கியது. நாத்தனார் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போயிருந்தோம். தெரு நெடுகக் காகிதக் கடை, நோட்டுக் கடை. ஒரு கடையில் நாலு குயர் கணக்கு நோட்டு கண்ணில் பட்டது. கெட்டி அட்டை, சிவப்புக் காலிகோ முதுகு, உள்ளே வரவு செலவு எழுதக் கோடு போட்ட தாள். 160 ரூபாய். "கடைக் கணக்கா மேடம்?" என்று கேட்டார் கடைக்காரர். "ஊர் சுத்துற கணக்கு" என்றேன். வெளியே வந்து பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிட்ட செலவுதான் அதில் எழுதிய முதல் வரி.

ஒரு பயணத்துக்கு இரண்டு பக்கம். இடது பக்கத்தில் தேதி, போன வழி, வண்டி நேரம், செலவு. வலது பக்கம் டிக்கெட் ஒட்டவும் நாலு வரி எழுதவும். கடைசிக் கட்டத்துக்கு 'விட்டுப்போனது' என்று தலைப்பு போட்டேன். அந்த ஊருக்குப் போயும் பார்க்காமல் வந்தவற்றை அதில் எழுதுவோம். நோட்டிலேயே எங்களுக்கு அதிகம் உதவியது இந்தக் கட்டம்தான்.

முதல் பயணம் பழவேற்காடு. தண்டையார்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, பொன்னேரியில் இறங்கி பஸ் பிடித்தோம். டச்சுக்காரர்கள் 1613இல் கட்டிய கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தில் புதர்தான் மண்டிக் கிடந்தது. ஆனால் டச்சுக் கல்லறைத் தோட்டம் அப்படியே இருக்கிறது. வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்துவிட்டு என் பெண் அன்று ராத்திரி தூங்கவில்லை. அவளுக்கு அப்போது நாலு வயசு. 'விட்டுப்போனது' கட்டத்தில் "பூநாரை" என்று ஒரே சொல். நாங்கள் போய்ச் சேர்ந்தது நல்ல வெயில் நேரம், ஏரியில் பறவைகள் தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன.

அந்த ஒரு சொல்லை வைத்து இரண்டு வருஷம் கழித்து சூலூர்பேட்டை போனோம். அதே தண்டவாளம், இன்னும் கொஞ்சம் வடக்கே. விடியற்காலை முதல் வண்டியைப் பிடித்து, பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பக்கத்தில் இறங்கி நின்றோம். பூநாரைகள் தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்துக்கொண்டு, காலால் சேற்றைக் கலக்கி மேய்ந்துகொண்டிருந்தன. நோட்டில் பழைய பக்கத்துக்குத் திரும்பி அந்தச் சொல்லை அடித்தபோது இருந்த சந்தோஷம் இன்னும் நினைவிருக்கிறது.

நோட்டு எப்படி உழைத்தது என்று சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த இது பாதி நனைந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் செய்தித்தாள் வைத்து, கரண்ட் வந்ததும் ஃபேனுக்கு அடியில் நாலு நாள் காய வைத்தேன். ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் நீலமாகக் கரைந்து ஓடியிருந்தது. சாதாரண பால் பாயிண்ட் பேனாவில் எழுதிய ஒரு எழுத்துகூட அழியவில்லை. அதற்கப்புறம் இதில் பால் பேனா தவிர வேறெதுவும் படவில்லை.

டிக்கெட் விஷயத்தில் நிறையப் பாடம். மெஷினில் அடித்துக் கொடுக்கிற வழவழப்பான பஸ் டிக்கெட்டுகள் ஒரே வருஷத்தில் வெள்ளைத் தாளாகிவிடுகின்றன. அந்தத் தாளில் மை கிடையாது, சூட்டில்தான் எழுத்து வருகிறது. இது தெரியாமல் செஞ்சி போன பஸ் டிக்கெட்டை லேமினேட் செய்யக் கொடுத்தேன், முழுக்கக் கறுத்துப்போய்த் திரும்பி வந்தது. இப்போது ஒட்டும்போதே பக்கத்தில் தேதி, கட்டணம் எல்லாவற்றையும் கையால் எழுதிவிடுகிறேன். சென்னை பஸ்களில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த அச்சடித்த டிக்கெட் மட்டும் பதினோரு வருஷமாக நிறம் மங்காமல் இருக்கிறது.

ஆரம்பத்தில் மைதாப் பசை காய்ச்சி ஒட்டினேன். அந்த ருசிக்கு ராமபாணப் பூச்சி வந்து தரங்கம்பாடிப் பக்கத்தை அரித்துவிட்டது. அதிலிருந்து கடைப் பசைதான். அத்தை சொன்னபடி இரண்டு வசம்புத் துண்டும் வைத்திருக்கிறேன், பூச்சி இல்லை. முதுகுத் தையல் ஆறாவது வருஷம் விட்டது, பைண்டிங் கடையில் 80 ரூபாய்க்குத் தைத்துக் கொடுத்தார்கள். கனம் அதிகம், பயணத்தில் தூக்கிப்போக முடியாது. பர்ஸில் துண்டுச்சீட்டு வைத்துக் குறித்துக்கொண்டு, ஊர் திரும்பிய மறுநாளே எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பஸ் நேரம் மறந்துபோகிறது.

செஞ்சிப் பக்கத்தில் கோட்டையின் ராஜகிரிக் குன்று ஏறியதுதான் இருக்கிறது. இறங்கும்போது என் வீட்டுக்காரருக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, இன்னொரு குன்றான கிருஷ்ணகிரியைக் கீழே நின்று பார்த்ததோடு சரி. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து செஞ்சியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த செய்தி வந்ததும், என் பெண் அந்தப் பக்கத்தைத் திறந்து கிருஷ்ணகிரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டாள். தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்கு விடுமுறை நாளில் போய், சுற்றுச்சுவரைப் பார்த்துவிட்டு வந்தோம். அதுவும் பாக்கி.

அடிக்கவே முடியாத வரி ஒன்று இருக்கிறது. ராமேஸ்வரம், 2018. "பாம்பன் பாலம். எல்லாரும் தூங்கிவிட்டோம்." விடியுமுன் வண்டி கடலைத் தாண்டிவிட்டது. திரும்பி வரும்போதும் இருட்டு. அடுத்த முறை பகல் வண்டியில் போகலாம் என்று விட்டுவிட்டோம். 1914இல் திறந்த அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள், கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி அப்படியே நேராக மேலே எழும்புகிறது. அதைப் பார்க்கப் போகத்தான் போகிறோம். ஆனால் பழைய வரியை நான் அடிக்க மாட்டேன். மாமா அந்தப் பயணத்தில் எங்களோடு வந்தார், இப்போது அவர் இல்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர் அவர்தான். "பாலம் வந்தா எழுப்புறேன்"னு சொன்னவர் அவரே தூங்கிவிட்டார் என்று இன்று அத்தை சொல்லிச் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சரி, அடுத்தது என்ன? ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. ஐப்பசி மழையில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினால் தை வருகிறது, பொங்கல் லீவு. ஊட்டி மலை ரயில் என்றாள் பெண். கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவில் பல்சட்டம் பிடித்து ஏறுகிற வண்டி அது. மழைக் காலத்தில் மண் சரிந்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் தைக்கு அப்புறம் என்று எழுதினேன். செஞ்சி மாசிக்குள், வெயில் ஏறுமுன். பாம்பனுக்குப் பகல் வண்டி பார்த்து, கோடை லீவில்.

பக்கத்திலேயே இருக்கிறது ராயபுரம் ஸ்டேஷன். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இடம், ஆற்காடு வரை போனது. அந்த வழியாக ஆயிரம் தடவை போயிருப்போம், ஒரு நாள்கூட இறங்கி அந்தக் கட்டடத் தூண்களை நின்று பார்த்ததில்லை. ஊரில் இருந்துகொண்டே விட்டுப்போனதற்கென்று ஒரு புதுப் பக்கம் ஆரம்பித்து, இதை முதல் வரியாகப் போட்டேன்.

அதுவரை பேசாமல் இருந்த அத்தை, "ஏம்மா, ஒத்தியூர் கவசம் திறக்குறது எப்போ?" என்றார். திருவொற்றியூரில் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் இல்லாமல் பார்க்கலாம். கூட்டத்துக்குப் பயந்து மாமா போன பிறகு அத்தை போகவே இல்லை. முன்பெல்லாம் பஸ்ஸில் நசுங்கிப் போக வேண்டும். 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது, தேரடியிலேயே ஸ்டேஷன், லிஃப்ட் இருக்கிறது. இரண்டாம் நாள் காலை சீக்கிரம் கிளம்பினால் அத்தையை மெதுவாகக் கூட்டிப் போகலாம்.

இடது பக்கத்தில் தேதியை எழுதி, மெட்ரோ முதல் வண்டி நேரத்துக்கு இடம் விட்டேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பூ, சாம்பிராணி வாங்க நூறு ரூபா தனியா எழுது" என்றார். எழுதினேன்.