பழைய டிராம்போன் வாங்கி மூன்று வருஷம்: யமஹா ஒய்எஸ்எல்-354

டொராண்டோவில் என் மகன் 7ஆம் வகுப்பில் பள்ளி பேண்டில் சேர்ந்தபோது குழாயை நீட்டிச் சுருக்கி வாசிக்கிற பித்தளை ஊதுகருவியான டிராம்போன்தான் வேண்டும் என்று நின்றான். கடைகளில் மாத வாடகைக்குத் தருகிறார்கள், ஆனால் இரண்டு வருஷ வாடகையைக் கூட்டிப் பார்த்தால் பழையது ஒன்றைச் சொந்தமாகவே வாங்கிவிடலாம் என்று பட்டது. கடைசியில் ஒரு வீட்டு கராஜில் கிடந்த யமஹா ஒய்எஸ்எல்-354 எனக்கு 340 டாலருக்குக் கிடைத்தது. மாணவர்களுக்கென்றே செய்யப்பட்ட மாடல், குழாயின் உள்விட்டம் (போர்) 12.7 மில்லிமீட்டர், கட்டைவிரலால் கூடுதல் குழாயைத் திறக்கிற எஃப் டிரிக்கர் கிடையாது, பையன் தூக்கிப் பிடிக்கிற எடை. கொடுத்த காசுக்கு மேலேயே உழைத்துவிட்டது.

பார்க்கப் போனபோது பெல்லில், அதாவது முன்னால் விரிந்த வாயில், ஒரு நெளிவு, லாக்கர் என்கிற மேல்பூச்சு அங்கங்கே உரிந்து கிடந்தது. மனைவிக்கு அதைப் பார்த்ததுமே மனசு விட்டுப்போனது. ஆனால் அதெல்லாம் பெரிதாகச் சத்தத்தைக் கெடுக்காது. டிராம்போனுக்கு, முன்னும் பின்னும் நகர்த்துகிற ஸ்லைடுதான் உயிர். உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே இடைவெளி அவ்வளவு கொஞ்சம், வெளிக்குழாய் லேசாக நசுங்கியிருந்தாலும் அந்த இடம் வரும்போதெல்லாம் உரசும்.

காய்ந்த ஸ்லைடை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று டிராம்போன் வாசிக்கும் நண்பர் சொல்லியிருந்தார், அதனால் ஸ்லைடு கிரீமும் தண்ணீர் ஸ்பிரேயும் கையோடு கொண்டுபோனேன். துடைத்துத் தடவி, செங்குத்தாகப் பிடித்து, பூட்டைத் திறந்து, கீழே கையை வைத்துக்கொண்டு மெல்ல விட்டேன். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. அப்புறம் வெளி ஸ்லைடைக் கழற்றித் திருப்பி, ஒரு நேரத்தில் ஒரு குழாயை மட்டும் நுழைத்துப் பார்த்தேன். தனித்தனியாக நன்றாக ஓடி, சேர்த்துப் போட்டால் மட்டும் உரசினால் இரண்டு குழாய்களும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை என்று அர்த்தம். சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் பேச வேண்டும்.

அதற்கு முன் 200 டாலருக்கு ஒன்று பார்த்தேன், வெளியே பளபளவென்று இருந்தது. உள்குழாயின் முனையில் கொஞ்சம் தடித்த பகுதி இருக்கும், அங்கேதான் உரசல் அதிகம், அதில் முலாம் தேய்ந்து உள்ளே இருக்கிற உலோகம் தெரிந்தது. சுருதி சேர்க்கிற டியூனிங் ஸ்லைடின் வளைவில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், துணியால் எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பித்தளையிலிருந்து துத்தநாகம் போய்விட்டால் இப்படி ஆகும், அது உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வருவது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

வாங்கும்போது நான் கவனிக்காமல் விட்டது உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றுகிற வாட்டர் கீயின் கார்க். மூன்று வாரத்தில், கீழ் ஸ்வரங்கள் நடுங்குகின்றன என்றான் மகன். பெல்லைக் கழற்றிவிட்டு ஸ்லைடில் பெல் சேரும் வாயை உள்ளங்கையால் அடைத்து, மவுத்பீஸில் ஊதினால் கார்க் இருக்கும் இடத்தில் ஸ்ஸ் என்று காற்று போகிறது! சில டாலரில் புதுக் கார்க், ஒட்டினதும் சரியாகிவிட்டது. இந்தச் சோதனையை வாங்கும் இடத்திலேயே செய்துவிடுங்கள்.

இரண்டாம் வருஷம் பெட்டியின் தாழ்ப்பாள் பள்ளி நடையில் திறந்துகொண்டு, ஸ்லைடு விழுந்து அடி வாங்கியது. ரிப்பேருக்கு 90 டாலர். தளர்ந்த தாழ்ப்பாள் என்று வாங்கும்போதே தெரியும், நான்தான் மாற்றவில்லை. இன்னொரு முறை மவுத்பீஸை அடித்துச் செருகி இறுக்கிவிட்டான். இடுக்கி போடவே கூடாது, குழாய் முறுக்கிக்கொள்ளும். பேண்ட் ஆசிரியரிடம் அதற்கென்றே ஒரு கருவி இருந்தது, ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது.

மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவுகிறோம், சூடாக இருந்தால் லாக்கர் உரியும். வேறு பராமரிப்பு என்று பெரிதாக இல்லை.

முதல் வருஷம் ஸ்லைடை முழுக்க நீட்டுகிற 7ஆவது நிலைக்கு மகனின் கை எட்டவே இல்லை, இப்போது தாராளமாகப் போகிறது. அடுத்து எஃப் டிரிக்கர் உள்ளது வேண்டும் என்கிறான். இதை விற்கப்போவதில்லை. அவன் தங்கைக்கு இப்போதே கண் இதன் மேல்தான், கைதான் இன்னும் 5ஆவது நிலையோடு நின்றுவிடுகிறது.