ஆர்டி ஆர்ட்டிஸ்ட் பாஸ் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்மூடியைக் கழற்றிப் படம் கேளுங்கள்

கிப்சன் ஆர்டி ஆர்ட்டிஸ்ட் பாஸ் கிட்டார் தேடிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக அமெரிக்காவில் இணையத்தில் பார்த்து வாங்க நினைப்பவர்கள், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஒஹாயோவில் இருக்கிற ஒரு பழைய இசைக்கருவிக் கடை "எல்லாமே ஒரிஜினல்" என்று சொல்லி என் தலையில் கட்டியது வெறும் கூடு. கடையின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. போட்டால் பேச்சு முழுக்கக் கடையைப் பற்றியே போய்விடும், கருவி சத்தமில்லாமல் இன்னொருவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அது மறுபடி விற்பனைக்கு வந்தாயிற்று என்பதால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்கதை. 1977இல் கிப்சன் இந்த வரிசையைக் கொண்டுவந்தபோது கம்பெனி நார்லின் என்ற பெரிய நிறுவனத்தின் கையில் இருந்தது. சிந்தசைசர் செய்யும் மூக் கம்பெனியும் அதே நார்லின் கையில். ஊரெல்லாம் சிந்தசைசர் பைத்தியம் பிடித்திருந்த நேரம், இரண்டையும் சேர்த்துவிடலாம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. ராபர்ட் மூக் உருவாக்கிய ஆக்டிவ் சர்க்யூட்டை, அதாவது பேட்டரியில் ஓடி ஒலியை மாற்றும் மின்சுற்றை எடுத்து கிட்டாரின் முதுகுக்குள் வைத்தார்கள். அதற்கு 9 வோல்ட் பேட்டரி. முன்பக்கம் பிக்கப் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பகுதி) தேர்வுக்கு ஒரு ஸ்விட்ச் போக, மோடு மாற்ற இன்னொரு ஸ்விட்ச். ஒரு நிலையில் சாதாரண ஒலி, இன்னொன்றில் பளிச்சென்ற ஒலி, மூன்றாவதில் கம்ப்ரெஷனும் எக்ஸ்பான்ஷனும். கம்ப்ரெஷனில் சுரம் ஒரே சீராக நீண்டு நிற்கும். எக்ஸ்பான்ஷனில் சுண்டிய கணம் எகிறி அடித்துவிட்டுச் சட்டென்று அடங்கும்.

யாருக்கும் பிடிக்கவில்லை. கிப்சனின் எக்ஸ்ப்ளோரர் கிட்டாரை வெயிலில் வைத்து உருக்கின மாதிரி இருக்கிறது என்று உருவத்தைக் கேலி செய்தார்கள். மேப்பிள் உடம்பு, கனமோ கனம். 34.5 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்) என்பதால் முதல் ஃப்ரெட்டுக்குக் கை எட்டவே ஒரு கூடுதல் முயற்சி வேண்டும். அதற்கு முந்தைய வருடம்தான் மியூசிக்மேன் கம்பெனியின் ஸ்டிங்ரே பாஸ் ஆக்டிவ் சர்க்யூட்டோடு வந்து வெற்றி பெற்றிருந்தது. ஆகவே பேட்டரி போட்ட பாஸ் மீது ஜனங்களுக்கு வெறுப்பு என்று சொல்ல முடியாது. கிப்சன் என்றால் மரம், பிக்கப், நாலு குமிழ் என்று பழகியவர்களுக்கு இந்தச் சர்க்யூட் அந்நியமாகப் பட்டது, அவ்வளவுதான். 80களின் தொடக்கத்திலேயே ஆர்டி வரிசை நின்றுபோனது. 1990களில் நிர்வாணா ராக் குழுவின் கிறிஸ்ட் நோவோசெலிச் ஆர்டி பாஸோடு மேடையேறினார், 2011இல் அவர் பெயரிலேயே கிப்சன் ஒரு ஆர்டி பாஸ் வெளியிட்டது. சிரித்தவர்களே இன்று விலை கேட்டுக்கொண்டு அலைகிறார்கள்.

மோசடிக்கு இடம் கொடுப்பதும் இந்தக் கேலிக்காலம்தான். மதிப்பில்லாமல் கிடந்த வருடங்களில் சர்க்யூட் பழுதானால் யாரும் மெனக்கெட்டுச் சரிசெய்யவில்லை. சர்க்யூட் போர்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு நாலு ஒயரில் பாசிவாக, அதாவது பேட்டரி இல்லாமல் ஓடும்படி மாற்றிவிடுவார்கள். அது தப்பில்லை, அவரவர் கருவி. மாற்றியிருக்கிறது என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் நானே வாங்குவேன். பாசிவ் பாஸ்தான் வேண்டும் என்பவர்களுக்கு அந்தக் காலத்திலேயே ஆர்டி ஸ்டாண்டர்டு என்று தனியாக ஒன்று இருந்தது. ஆர்ட்டிஸ்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பது உள்ளே இருக்கிற மூக் போர்டுக்காக. மூடியைப் போட்டுவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

என்னிடம் வந்தது 1978 கருவி. அதில் பொய்யில்லை. அந்தக் கால கிப்சனில் எட்டு இலக்க எண், முறுக்காணிகள் இருக்கிற ஹெட்ஸ்டாக்கின் பின்னால் அழுத்திப் பதிக்கப்பட்டிருக்கும். முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்தால் வருடம், நடுவில் உள்ள மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. கடைசி மூன்று இலக்கம் 500க்குக் கீழே என்றால் கலமசூ தொழிற்சாலை, 500ம் அதற்கு மேலும் நாஷ்வில். கழுத்தும் ஹெட்ஸ்டாக்கும் சேருமிடத்தில் நார்லின் காலத்து மேடும் இருந்தது. விரிசல் இல்லை, ஒட்டு இல்லை. வாங்கும் முன்பே ஸ்விட்ச் வேலை செய்கிறதா என்று எழுதிக் கேட்டிருந்தேன். "எல்லாக் கண்ட்ரோலும் எப்படி வேலை செய்ய வேண்டுமோ அப்படிச் செய்கிறது" என்று பதில் எழுதினார்கள். வீடியோவும் அனுப்பினார்கள். நன்றாகவே வாசித்திருந்தார்கள். ஆனால் மோடு ஸ்விட்ச் பக்கம் ஒரு விரல்கூடப் போகவில்லை.

மிச்சிகனில் எங்கள் வீட்டுக்குப் பெட்டி வந்த அன்றே ஆம்ப்பில் சொருகினேன். ஸ்விட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரே ஒலி. பேட்டரி தீர்ந்திருக்குமோ என்று புதியதைப் போட்டேன், மாற்றமில்லை. பேட்டரியைக் கழற்றியே வைத்துவிட்டு ஈ கம்பியைச் சுண்டினேன். குறையொன்றுமில்லாமல் அதே ஒலி வந்தபோதே புரிந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து, குப்புறப் போட்டு, திருப்புளியால் பின்மூடியைத் திறந்தேன். அவ்வளவு பெரிய குழி, உள்ளே காலி. தரையில் போர்டு உட்கார்ந்திருந்த இடம் மட்டும் சுற்றிலும் உள்ளதைவிட வெளிறிச் செவ்வகமாகத் தெரிந்தது, மூலைகளில் ஸ்க்ரூ துளைகள். நாலு புது வால்யூம் கண்ட்ரோல், ஒரு கெப்பாசிட்டர், பளபளவென்று நேற்று வைத்த மாதிரி ஈயம். 70களின் ஈயம் இத்தனை வருடத்தில் மங்கிப்போயிருக்கும். பழைய கண்ட்ரோலாக இருந்தால் முதுகில் எண் இருக்கும்: சிடிஎஸ் கம்பெனி தயாரிப்பு என்றால் 137 என்று தொடங்கி, அடுத்து வருடம், அடுத்து வாரம். இவற்றில் அதுவும் இல்லை.

அதுவரைக்கும்கூட, முந்தைய உரிமையாளர் செய்திருப்பார், கடைக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு ரத்தம் கொதித்தது பேட்டரி ஒயரைப் பார்த்தபோது. சிவப்பும் கறுப்பும் ஒரு ஜாண் நீளம் உள்ளே வந்து, முனையில் கறுப்பு டேப் சுற்றி, எதனோடும் சேராமல் கிடந்தன. டேப்பும் புதிது. மோடு ஸ்விட்சின் கால்களில் வெட்டிய ஒயரின் துணுக்குகள் ஒட்டியிருந்தன. பேட்டரி போடுகிறவன் பேட்டரி இருக்கிறது என்று நம்பவும், ஸ்விட்சைத் தள்ளுகிறவன் ஸ்விட்ச் இருக்கிறது என்று நம்பவும் யாரோ சிரமப்பட்டுச் செய்த வேலை அது.

கடைக்குப் படங்களோடு எழுதினேன். முதலில் "அப்கிரேடு" என்றார்கள். பழைய போர்டு இரைச்சல், எல்லோரும் எடுத்துவிடுவார்கள் என்றார்கள். அப்புறம் முந்நூறு டாலர் திருப்பித் தருகிறோம், முடித்துக்கொள்வோம் என்றார்கள். விற்பனைத் தளத்தில் புகார் கொடுத்தேன். அங்கே பேசிய பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சத்தம் வருகிறதா?" என்றார். வருகிறது என்றேன். "அப்படியானால் வேலை செய்கிறதே?" அவருக்கு என்ன தெரியும், பாவம். மூக் போர்டு என்றால் என்னவென்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

கடைசியில் கை கொடுத்தது கிரெடிட் கார்டு கம்பெனி. கடை எழுதிய அந்த ஒரு வரிப் பதில், வீடியோ, குழியின் படம் மூன்றையும் சேர்த்து அனுப்பினேன். "சொன்ன பொருள் வேறு, வந்த பொருள் வேறு" என்று எடுத்துக்கொண்டார்கள். கருவியைத் திருப்பி அனுப்பினேன், பணம் வந்தது, அனுப்பிய செலவு என் கைக்காசு. கேட்பதையெல்லாம் போனில் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள் என்பது இதனால்தான்.

இடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே கடை சில வாரங்கள் முன்பு "70கள் கிப்சன் மூக் சர்க்யூட் போர்டு, சோதிக்கவில்லை" என்று தனியாக ஒன்றை விற்றிருக்கிறது. அது இந்தக் கருவியிலிருந்து எடுத்ததுதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. படத்தில் போர்டிலிருந்து தொங்கிய ஒயர்களின் நிறமும் ஸ்விட்ச் காலில் ஒட்டியிருந்த துணுக்குகளின் நிறமும் ஒன்று. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேறு யாரிடம் வாங்கினாலும் மூடி திறந்த படத்தோடு ஒரு வீடியோவும் கேளுங்கள்: ஒரே சுரத்தை அடித்துக்கொண்டே ஸ்விட்சை மூன்று நிலைக்கும் தள்ள வேண்டும். "ஸ்க்ரூ கெட்டுவிடும், திறக்க மாட்டோம்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த ஸ்க்ரூக்களைக் கழற்றிப் பூட்டிய எனக்குத் தெரியும், ஒன்றும் கெடாது.

இப்போது அந்தக் கருவி அதே கடையில், அதே படங்களோடு, விலை கொஞ்சம் ஏற்றி நிற்கிறது. இயற்கை மர நிறம். கீழ்க்கொம்பின் நுனியில் நகம் அளவுக்குச் சிராய்ப்பு, முதுகில் பெல்ட் பக்கிள் தேய்த்த பிறைவடிவத் தடம், ஏ கம்பியின் முறுக்காணியில் ஒரு ஸ்க்ரூ மட்டும் மற்றவற்றைவிடப் புதிது. பின்மூடியின் இடது மேல் ஸ்க்ரூவின் தலையில் என் திருப்புளி வழுக்கிய ஒரு கீறலும் இருக்கும். அவர்கள் படத்தில் அது இருக்காது, படம் பழையது.