கடனை பாதியா குறைச்சு தர்றோம்னு சொல்ற கம்பெனிங்க பக்கமே போகாதீங்க, எங்க 86,500 ரூபாய் போச்சு

ரொம்ப கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. போன தொறந்தாலே ஒரு விளம்பரம் வருதே, "உங்க கார்டு கடன், பர்சனல் லோன் எல்லாத்தையும் 50 சதவீதம் குறைச்சு முடிச்சு தர்றோம், ரெக்கவரி ஏஜென்ட் தொல்லை இனிமே இல்ல"ன்னு, அந்த மாதிரி லோன் செட்டில்மென்ட் கம்பெனி ஒண்ணு கிட்டதான் 86,500 ரூபாய் கட்டினோம். கடன் ஒரு ரூபா கூட குறையல, கட்டின காசும் வரல. கம்பெனி பேர இங்க போடல, ஆன்லைன்ல ஆபீஸ், ஆப், வக்கீல் டீம் எல்லாம் வச்சு நடத்துற கம்பெனின்னு மட்டும் தெரிஞ்சுக்கோங்க. தேடினா இதே மாதிரி நெறைய இருக்கு, எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் பேசுறாங்க.

எங்களுக்கு எப்படி இந்த கடன் வந்துச்சுன்னு சுருக்கமா சொல்லிடறேன். எங்க வீட்டுக்காரருக்கு வேலை போச்சு, அடுத்த வேலை கெடைக்கிற வரைக்கும் ரெண்டு கிரெடிட் கார்டுலதான் குடும்பம் ஓடுச்சு, ஏற்கனவே ஒரு பர்சனல் லோன் வேற இருந்துச்சு. மொத்தம் 5,40,000. கார்டுக்கு மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு வந்தோம், எங்க கார்டுல மாசம் 3.75 சதவீதம் வட்டி, வருஷத்துக்கு 45 சதவீதம், அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அப்ப மினிமம் கட்டினா அசல் எங்க கொறையும்? அவர் புது வேலைக்குப் போனப்ப சம்பளம் பழசுல முக்கால்வாசிதான். இஎம்ஐ கட்ட முடியுது ஆனா மூச்சு முட்டுதுங்கற நெலமை. அந்த நேரம் பாத்துதான் இவங்க வந்தாங்க.

விளம்பரத்துல நம்பர் குடுத்த உடனே ஒரு பொண்ணு கூப்பிட்டா. எடுத்த உடனே "அக்கா, சாப்டீங்களா"ன்னுதான் கேட்டா. அன்னைக்கு காலையில இருந்து கார்டு பேங்க்ல இருந்து விடாம போன், இவர் போன கவுத்து வச்சிட்டு பேசாம உக்காந்திருந்தார், யாரு கிட்ட பேசினாலும் எப்ப கட்டுவீங்கன்னு கேக்குற நேரத்துல ஒருத்தி சாப்டீங்களான்னு கேட்டா எப்படி இருக்கும்? "நானும் கார்டு கடன்ல மாட்டி தாலிக்கொடிய அடகு வச்சவதான்க்கா, அந்த வலி எனக்குத் தெரியும், நீங்க இனிமே அழக்கூடாது, இது என் பொறுப்பு"ன்னு சொன்னா. அந்த வார்த்தைக்குத்தான் நான் நம்பினேன். நம்பினதுல எந்தத் தப்பும் இல்ல, அப்படி நம்ப வச்சு கழுத்தறுத்தவங்க மேலதான் மொத்தத் தப்பும்.

சும்மாவும் குடுத்துடல. கம்பெனி ரெஜிஸ்ட்ரேஷன் கேட்டேன், அனுப்பினாங்க. அக்ரிமென்ட் கேட்டேன், ஸ்டாம்ப் பேப்பர் ஒட்டி தராசு படம் போட்ட லெட்டர்ஹெட்டுல பிடிஎஃப் வந்துச்சு. வக்கீல் கிட்ட பேசணும்னேன், வீடியோ கால்ல கறுப்பு கோட்டு போட்டுட்டு ஒருத்தர் வந்தார், பின்னாடி செல்ஃப் முழுக்க சட்டப் புஸ்தகம். "கடன் கட்டாதது சிவில் மேட்டர் மேடம், யாரும் உள்ள புடிச்சு போட முடியாது, பேங்க்காரன் தானா எறங்கி வருவான்"னு சிரிச்சிட்டே சொன்னார். பதிவுக் கட்டணம் 10,000, ஜிஎஸ்டியோட 11,800. என் ரெண்டு வளையல அடகு வச்சு கட்டினேன். அப்புறம் மாசா மாசம் 8,300. எல்லாம் சேர்த்துதான் இந்த 86,500.

காசு கட்டின உடனே அவங்க சொன்னது மூணு விஷயம். இஎம்ஐ, கார்டு பில்லு எல்லாத்தையும் அடியோட நிறுத்திடுங்க, அப்பதான் பேங்க் பேச வரும். சம்பளம் வர்ற அக்கவுண்ட்ட வேற பேங்குக்கு மாத்திடுங்க. அப்புறம் இவர் போனுக்கு வர்ற கால் எல்லாம் அவங்க நம்பருக்குப் போற மாதிரி கால் ஃபார்வர்டு போட்டுடுங்க. வீடு அமைதியாச்சு, போனே அடிக்கல. உண்மையச் சொல்லணும்னா அந்த மாசம் நாங்க நிம்மதியா தூங்கினோம், அத நெனச்சாதான் இப்ப வயிறு எரியுது. ஏன்னா அந்தப் பக்கம் பேங்க்ல இருந்து வந்த ஒவ்வொரு காலையும் அவங்க எடுக்கவே இல்ல. பேங்க்காரன் கணக்குல நாங்க தலைமறைவு!

அக்கவுண்ட்ல இருந்து இஎம்ஐய தானா எடுக்குற ஆட்டோ டெபிட் ஒவ்வொரு மாசமும் காசில்லாம திரும்பிச்சு, ஒவ்வொண்ணுக்கும் பவுன்ஸ் சார்ஜ், லேட் பீஸ், வட்டிக்கு வட்டி. 90 நாள் தாண்டினா கணக்கு வாராக்கடன் ஆயிடும், அதுவும் ஆச்சு. கடன ஒழுங்கா கட்டுறோமான்னு காட்டுற சிபில் ஸ்கோர் 750ல இருந்து 500ஐ தொட்டுச்சு. அப்பதான் பர்சனல் லோன் குடுத்த எடத்துல இருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு, 2007ல வந்த பேமென்ட் அண்ட் செட்டில்மென்ட் சிஸ்டம்ஸ் சட்டம், 25வது பிரிவுன்னு. கையில வச்சுகிட்டு அர்த்தம் புரியாம தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் கிட்ட காட்டினேன். செக் திரும்பினா 138வது பிரிவுல கேஸ் போடுவாங்கல்ல, அதே மாதிரி அக்கவுண்ட்ல காசு இல்லாம ஆட்டோ டெபிட் திரும்பினாலும் கிரிமினல் கேஸ் போடலாமாம், ரெண்டு வருஷம் வரைக்கும் தண்டனை இருக்காம். சிவில் மேட்டர் மேடம்னு சிரிச்சானே அந்தாளு, இத ஏன் சொல்லல? சொன்னா நாங்க இஎம்ஐ நிறுத்தியிருக்க மாட்டோம், இஎம்ஐ கட்டுற காசு அவங்களுக்கு 8,300ஆ வந்திருக்காது. அவ்ளோதான் விஷயம்.

நோட்டீஸ போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பினேன். "லீகல் டீம் பதில் அனுப்பிடுச்சு"ன்னு ஒரு பிடிஎஃப் வந்துச்சு. திறந்து பாக்குறேன், முதல் வரியில எங்க வீட்டுக்காரர் பேரு, ரெண்டாவது பக்கத்துல வேற யாரோ ஒருத்தர் பேரு, எங்களுக்கு அக்கவுண்டே இல்லாத ஒரு பேங்க் பேரு, லோன் நம்பர் போட வேண்டிய எடத்துல வெறும் கோடு. யாருக்கோ அடிச்ச லெட்டர்ல மேல மட்டும் பேர மாத்தி எங்களுக்கு அனுப்பியிருக்காங்க. அந்த இன்னொரு மனுஷனும் எங்கயோ உக்காந்து மாசா மாசம் கட்டிட்டு இருக்காருன்னு நெனச்சப்ப கை நடுங்கிடுச்சு.

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது அலைக்கழிப்பு. அக்கான்னு கூப்பிட்ட பொண்ணு மேடம்னு கூப்பிட ஆரம்பிச்சா, அப்புறம் அவ நம்பரே போகல. புதுசா ஒருத்தர் கேஸ் மேனேஜராம், அவருக்கு முதல்ல இருந்து கதை சொல்லணும். "ஃபைல் லீகல்ல இருக்கு மேடம்." "டிக்கெட் ரைஸ் பண்ணியாச்சு, 48 மணி நேரம் வெயிட் பண்ணுங்க." "பேங்க் மார்ச் மாசம்தான் மேடம் நல்ல ஆஃபர் குடுக்கும், இப்ப பேசினா உங்களுக்குத்தான் நஷ்டம்." மார்ச்சும் போச்சு. ரீஃபண்ட் கேட்டா "சர்வீஸ் சார்ஜ் திருப்பித் தர மாட்டோம்னு அக்ரிமென்ட்லயே இருக்கே, படிக்கலியா"ன்னு ஒருத்தன் அதட்டுறான். இன்னொருத்தன் "நாங்க ஆலோசனை மட்டும்தான் குடுக்குறோம், செட்டில்மென்ட் ஆகும்னு யாரும் கேரண்டி குடுக்கலியே"ன்றான். அப்ப 50 சதவீதம்னு விளம்பரத்துல போட்டது யாரு? நேர்ல ஆபீஸுக்கே போனோம். பல கம்பெனிக்கு மேசை வாடகைக்கு விடுற எடம் அது, ரிசப்ஷன்ல இருந்த பையன் ஒரு நோட்ட நீட்டி "பேரு நம்பர் எழுதிட்டுப் போங்க, சொல்லிடறேன்"னான். அந்தப் பக்கம் முழுக்க எங்கள மாதிரி வந்தவங்க பேருதான்.

கடைசியா அவங்க சொன்ன யோசனைதான் உச்சம். "இனிமே ஐபி போட்டுடலாம் மேடம், ஒரேயடியா கடன் எல்லாம் தீந்துடும், 60,000 மட்டும் ரெடி பண்ணுங்க." ஐபின்னா கோர்ட்டுல திவால் மனு போடறது, மஞ்ச நோட்டீஸ் குடுக்கறத அவ்ளோ சாதாரணமா சொல்றாங்க! அதே தெரிஞ்ச வக்கீல் கிட்ட கேட்டேன். 2016ல வந்த திவால் சட்டத்துல நம்மள மாதிரி சாதாரண ஆளுங்களுக்கான பகுதிய இன்னும் நடைமுறைக்குக் கொண்டு வரல, கம்பெனி கடனுக்கு ஜாமீன் போட்டவங்களுக்கு மட்டும்தான் அது ஓடுது. அதனால மெட்ராஸ்ல 1909 சட்டம், மத்த ஊருல 1920 சட்டம், வெள்ளக்காரன் காலத்துதுதான் இன்னைக்கும். கோர்ட்டு திவால்னு அறிவிச்சா நம்ம சொத்து எல்லாம் அதுக்குன்னு இருக்கற கோர்ட்டு அதிகாரி கைக்குப் போயிடும், நம்ம கணக்கு வழக்கு எல்லாம் தோண்டிப் பாப்பாங்க, கடன்ல இருந்து முழுசா விடுபட கோர்ட்டு தனியா ஒரு உத்தரவு போடணும். வேற வழியே இல்லாதவங்களுக்கு சட்டம் குடுத்த வாசல் அது. சம்பளம் வர்ற குடும்பத்த அதுக்குள்ள தள்ளப் பாத்தாங்க, இன்னொரு 60,000க்காக.

அப்புறம் நானே கார்டு குடுத்த பேங்குக்குப் போனேன், வசூல் பிரிவுல ஒரு மேடம். கம்ப்யூட்டர்ல பாத்துட்டு "உங்க சார்பா யாரும் எங்களுக்கு ஒரு போன், ஒரு மெயில் கூட பண்ணலியேம்மா"ன்னாங்க. 86,500 ரூபாய்க்கு ஒரு மெயில் கூட போகல. "நீங்க கட்டறது கஷ்டமானப்பவே வந்திருந்தா கார்டு பாக்கிய கம்மி வட்டில இஎம்ஐயா மாத்திக் குடுத்திருப்போம்"னு அவங்க சொன்னப்ப எனக்குப் பேச்சே வரல. நாங்க அந்தக் கம்பெனிக்குப் போகும்போது 5,40,000 இருந்த கடன் இப்ப 7 லட்சத்த தாண்டி நிக்குது, அதுபோக 86,500.

என்ன பண்ணனும்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப பொறுமை இல்ல, முக்கியமானத மட்டும் சொல்றேன். இஎம்ஐ கட்ட முடியாதுன்னு தோணின மாசமே, ஒரு டியூ கூட தவறறதுக்கு முன்னாடியே பேங்குக்கு எழுதிக் குடுங்க, காலத்த நீட்டிக் கேளுங்க, கார்டு பாக்கிய இஎம்ஐ ஆக்கச் சொல்லுங்க. இதுக்கு நடுவுல எந்த ஏஜென்டும் தேவையில்ல. செட்டில்மென்ட்தான் வழின்னு ஆனாலும் நீங்களே பேசலாம், ஆனா பேங்க் லெட்டர்ஹெட்ல கடிதம் வாங்காம பைசா கட்டாதீங்க, கட்டுறதும் நேரா உங்க லோன் அக்கவுண்டுக்கு மட்டும், எந்தத் தனி ஆளு ஜிபேக்கும் இல்ல. சிபில்ல "செட்டில்டு"ன்னு விழுந்தா 7 வருஷம் வரைக்கும் அப்படியே நிக்கும், அடுத்த லோன் கேக்கும்போது அதப் பாத்துதான் மூஞ்சத் திருப்புவாங்க, முழுசா கட்டி முடிச்சாத்தான் "க்ளோஸ்டு". இத எங்க கிட்ட ஒருத்தர் கூட சொல்லல. சிபிலையும் சேர்த்து இந்த மாதிரி கடன் ரிப்போர்ட் குடுக்குற நாலு கம்பெனி இருக்கு, ஒவ்வொண்ணும் வருஷத்துக்கு ஒரு தடவ முழு ரிப்போர்ட் இலவசமா குடுக்கணும்னு ஆர்பிஐ விதி, எடுத்துப் பாருங்க.

ரெக்கவரி ஏஜென்ட் பயத்துலதான் பாதிப் பேரு இவங்க கிட்ட போறோம். காலையில 8 மணிக்கு முன்னாடி, சாயங்காலம் 7 மணிக்கு அப்புறம் கூப்பிடக் கூடாது, மெரட்டக் கூடாது, சொந்தக்காரங்களுக்குப் போன் பண்ணி அசிங்கப்படுத்தக் கூடாதுன்னு ஆர்பிஐ 2022லயே சொல்லியிருக்கு. மீறினா முதல்ல பேங்க்ல எழுத்துல புகார், 30 நாள்ல சரியா பதில் வரலன்னா ஆர்பிஐயோட குறைதீர்ப்பாளர், அதான் ஆம்புட்ஸ்மன் கிட்ட போகலாம், அதுக்கு ஒரு பைசா செலவு இல்ல. ஆனா இந்த செட்டில்மென்ட் கம்பெனிங்க மேல அங்க புகார் எடுக்க மாட்டாங்க, ஏன்னா இவங்க ஆர்பிஐ கட்டுப்பாட்டுலயே வரல. இத காசு கட்டுறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கோங்க. கேஸ், நோட்டீஸ்னு வந்தா 15100க்கு அடிங்க, இலவச சட்ட உதவி, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு கூட பாக்க மாட்டாங்க. லோக் அதாலத்துல, அதான் மக்கள் நீதிமன்றத்துல, பேங்கோட உக்காந்து பேசி முடிக்கலாம், கோர்ட்டு பீஸ் கிடையாது. நாங்க இப்ப அங்கதான் போகப் போறோம்.

கால் ஃபார்வர்டு போட்டு வச்சிருக்கவங்க இப்பவே ##002# அடிச்சு எடுத்துடுங்க, உங்க ஓடிபி கால் கூட அவங்களுக்குத்தான் போகும். அந்த 86,500க்கு நான் நுகர்வோர் கோர்ட்டுல புகார் போடறேன், குடுத்த காசு 5 லட்சம் வரைக்கும் இருந்தா அங்க கட்டணமே இல்ல, ஆன்லைன்லயே போடலாம், சந்தேகம்னா 1915க்குக் கேளுங்க. ஒரே கம்பெனி கிட்ட ஏமாந்தவங்க சேர்ந்தும் போடலாமாம். அதனால இந்த மாதிரி எங்கயாவது கட்டினவங்க ரசீது, வாட்ஸ்அப் சாட், பேங்க் ஸ்டேட்மென்ட், அவங்க அனுப்பின பிடிஎஃப் எதையும் அழிச்சுடாதீங்க, ஆப்ப டெலீட் பண்றதுக்கு முன்னாடி உள்ள இருக்கற எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, எனக்கு ரீஃபண்ட் கேட்ட மறுநாளே லாகின் போகல.